'தி ஃபைனல் கட்' பத்தி சண்டை போடறது எப்படி: ஒரு பிங்க் ஃப்ளாய்ட் பைத்தியத்தோட கையேடு

பிங்க் ஃப்ளாய்ட்ங்கற பிரிட்டிஷ் ராக் பேண்டோட ரசிகர்கள் நாலு பேர் ஒண்ணா உக்காந்தா, அவங்களோட ரொம்ப பிரபலமான ஆல்பம் 'டார்க் சைட்' நல்லாருக்கா இல்லையான்னு யாரும் சண்டை போட மாட்டாங்க, அதுல சண்டை போட என்ன இருக்கு. சண்டை வேணும்னா 1983 மார்ச்ல வந்த 'தி ஃபைனல் கட்' ஆல்பத்தை எடுத்து நடுவுல போட்டா போதும். ஒருத்தன் இது பேண்டோட பாஸிஸ்ட், பாட்டெழுதறவர் ரோஜர் வாட்டர்ஸோட சோலோ ஆல்பம்னு ஆரம்பிப்பான், இன்னொருத்தன் இதுக்கு மேல ஒரு போர் எதிர்ப்பு ஆல்பம் யாராலயும் போட முடியாதும்பான், மூணாவது ஆள் "பாட்டே இல்லையே மச்சி, மனுஷன் முணுமுணுத்துட்டே இருக்கான், திடீர்னு கத்தறான்"னு சொல்லிட்டு எழுந்து டீ சொல்லப் போயிருவான். நான் இந்த சண்டைய இருபது வருஷமா போட்டுட்டிருக்கேன். அதுல பாதி நாள் தப்பா போட்டிருக்கேன். அந்த அனுபவத்துலதான் இதை எழுதறேன்.

முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன், ஏன்னா இது புரிஞ்சா பாதி கத்தல் குறையும். இங்க ஒரு சண்டை இல்ல, மூணு சண்டை இருக்கு. இது யாரோட ஆல்பம்ங்கறது ஒண்ணு, இது என்ன சொல்லுதுங்கறது ஒண்ணு, இது நல்லாருக்காங்கறது ஒண்ணு. நம்மாளுங்க என்ன பண்றாங்கன்னா முதல் கேள்விக்கு கிடைச்ச பதிலை எடுத்து மூணாவது கேள்விக்கு ஒட்டிடறாங்க. "கிட்டாரிஸ்ட் கில்மோர் ஒரே ஒரு பாட்டுலதான் லீடு பாடறாரு, அதனால ஆல்பம் மொக்கை." அது எப்படிங்க அதனால ஆகும்?

சண்டைக்கு உக்காரும்போது முதல் கேள்வி: உன் கையில இருக்கறது எந்த பதிப்பு? சிரிக்காதீங்க. நானும் என் ஃப்ரெண்டும் ஒரு ராத்திரி ரெண்டு மணி நேரம் கத்தியிருக்கோம், அவன் "நாலாவது பாட்டுலயே அப்பா செத்ததை நேரடியா சொல்லிடறாருடா"ங்கறான், நான் "அப்படி ஒரு பாட்டே இல்லடா, நீ 'தி வால்' படத்தோட போட்டுக் குழப்பிக்கற"ங்கறேன், கடைசில பாத்தா என்கிட்ட இருந்தது பழைய கேசட்லருந்து ஏத்தினது, பன்னண்டு பாட்டு, அவன்கிட்ட இருந்தது 2004ல மறுபடி வெளியிட்ட சிடி. அதுல 'வென் தி டைகர்ஸ் ப்ரோக் ஃப்ரீ'ங்கற பாட்டை உள்ள சொருகியிருக்காங்க. 1982ல சிங்கிளா வந்தது, 'தி வால்' (பேண்டோட முந்தின ஆல்பம், பின்னாடி படமாவும் வந்தது) படத்துலயும் இருக்கு, ஆனா 83ல வந்த ஒரிஜினல் எல்பில கிடையாது. ரெண்டு பேர் சொன்னதும் சரி. ரெண்டு பேரும் முட்டாள்.

இது சின்ன விஷயம் இல்ல. அந்தப் பாட்டு வாட்டர்ஸோட அப்பா எரிக் ஃப்ளெட்சர் வாட்டர்ஸ் 1944 பிப்ரவரி 18ல இத்தாலில ஆன்ஸியோ பக்கம் செத்ததைப் பத்தினது. அப்போ பையனுக்கு வயசு அஞ்சு மாசம். பிரிட்டன் ராஜா அனுப்பின இரங்கல் கடிதம் பொன் முலாம் எல்லாம் போட்டு வந்திருக்கு, பின்னாடி ஒரு நாள் பையன் அதைப் பழைய ஃபோட்டோ வச்சிருந்த டிராயர்ல கண்டெடுக்கறான், கீழ பாத்தா ராஜாவோட கையெழுத்து ரப்பர் ஸ்டாம்ப். அந்த ரப்பர் ஸ்டாம்ப்ல இருக்கற கோபம் இருக்கே, அதுதான் மொத்த ஆல்பத்துக்கும் பெட்ரோல். ஆனா அதை நாலாவதா வச்சதும் என்ன ஆகுதுன்னா, அதுக்கு முன்னாடி பாட்டும் பின்னாடி பாட்டும் வேற ஒரு ஆளோட கதை, நடுவுல இது குறுக்க வந்து விழுது. பழைய வரிசைல கேட்டவனுக்கு இது ஒரு வாத்தியாரோட கதை (அவர் யாருன்னு கீழ வர்றேன்). புது வரிசைல கேட்டவனுக்கு இது பையனோட கதை. அதனால பதிப்பைக் கேட்டுட்டு ஆரம்பிங்க.

ரெண்டாவது, ஒரு தடவையாவது ஒழுங்கா கேளுங்க. ஹெட்ஃபோன் போட்டு, பஸ்ல இல்ல, ராத்திரி, லைட்டை அணைச்சுட்டு. இந்த ஆல்பத்துல ஹோலோஃபோனிக்ஸ்னு ஒரு ஒலிப்பதிவு முறைய யூஸ் பண்ணாங்க, ஹூகோ சுக்கரெல்லினு ஒருத்தர் கண்டுபிடிச்சது, சத்தம் தலையைச் சுத்தி வர்ற மாதிரி இருக்கும். ஸ்பீக்கர்ல போட்டா அது போச்சு. எல்பியோட ரெண்டாவது பக்கம் தொடங்கற இடத்துல ஒரு ஏவுகணை உங்க மண்டைக்குப் பின்னாடியிலிருந்து கிளம்பி முன்னாடி போய் வெடிக்கும், நான் முதல் தடவை கேட்டப்போ நிஜமாவே திரும்பிப் பாத்தேன். அது வெடிச்ச அடுத்த நொடில என்ன வருதுன்னு நினைக்கறீங்க, வயலின். கல்யாண ரிசப்ஷன்ல வாசிக்கற மாதிரி அவ்ளோ நாசூக்கா வயலின். அந்த ஒரு வெட்டுலதான் அந்தப் பாட்டோட மொத்த நக்கலும் இருக்கு.

இன்னொண்ணு, வால்யூமை நடுவுல குறைக்காதீங்க. மனுஷன் காதுகிட்ட வந்து பேசற மாதிரி பாடுவாரு, நாம வால்யூம் ஏத்துவோம், உடனே பீரங்கி மாதிரி ஒண்ணு வரும், நாம குறைப்போம், மறுபடி முணுமுணுப்பு. இப்படி ஏத்தி இறக்கிக் கேட்டவன்தான் "பாட்டே இல்லை"ங்கறவன். ஒரு இடத்துல வச்சுட்டு கையை எடுத்துடுங்க.

சரி, இப்ப கதைக்கு வருவோம், இதுலதான் விஷயம் இருக்கு. 'தி வால்'ல பசங்களைக் கொடுமைப்படுத்தற ஸ்கூல் வாத்தியார் ஒருத்தர் வருவாரே, ஞாபகம் இருக்கா? அங்க அவர் ஒரு கார்ட்டூன் வில்லன். இங்க அவரேதான் ஹீரோ. இரண்டாம் உலகப்போர்ல குண்டுவீச்சு விமானத்துல போனவர், ஜெர்மனியோட டிரெஸ்டன் நகரத்து மேல பறந்தவர், திரும்பி வந்து வேற வேலை தெரியாம வாத்தியார் ஆனவர். ராத்திரி பொண்டாட்டி தூங்கினதுக்கு அப்புறம்தான் அவரால பேச முடியுது, முழிச்சிருந்தா சொல்ல முடியல. 'தி ஹீரோஸ் ரிட்டர்ன்' பாட்டு அதுதான். அவர் மண்டைக்குள்ள திரும்பத் திரும்ப ஓடறது விமானத்துல இருந்த கன்னர், அதாவது துப்பாக்கி இயக்கறவன், சாகும்போது இன்டர்காம்ல பேசின கடைசி வார்த்தைகள், அதுலருந்து நேரா 'தி கன்னர்ஸ் ட்ரீம்'க்குள்ள போறோம்.

இதுக்கு அட்டையிலயே ஒரு சாட்சி இருக்கு, சண்டைல இதை எடுத்துப் போட்டீங்கன்னா எதிராளி கொஞ்ச நேரம் கம்முனு இருப்பான். அட்டைல கருப்புத் துணி மேல ஒரு பாப்பி பூவும் (பிரிட்டன்ல போர்ல செத்தவங்க நினைவுக்கு வைக்கறது) பதக்க ரிப்பன்களும் இருக்குல்ல, அதுல ஒண்ணு டிஸ்டிங்விஷ்ட் ஃப்ளையிங் கிராஸ். விமானப்படைல பறந்தவங்களுக்குக் குடுக்கறது. வாட்டர்ஸோட அப்பா ராயல் ஃப்யூசிலியர்ஸ்ல இருந்தவர், தரைப்படை. அப்போ அந்தப் பதக்கம் குத்தின நெஞ்சு அப்பாவோடது இல்ல, வாத்தியாரோடது. "ஆல்பம் முழுக்க அப்பா அப்பான்னு புலம்பறான்"னு சொல்றவன்கிட்ட அட்டையைக் காட்டுங்க. அப்பாவுக்கு சமர்ப்பணம், ஆமா. அப்பா பேர்ல ஒரு பாட்டு, ஆமா. ஆனா கதை சொல்றது திரும்பி வந்தவனோட வாய், திரும்பி வராதவனோட மகன் அதை எழுதியிருக்கான். இதை யோசிச்சா எனக்கு இப்பவும் ஒரு மாதிரி ஆயிடும், அப்பா இல்லாத பையன் உக்காந்து, உயிரோட வந்த அப்பாக்கள் எப்படி ஆனாங்கன்னு கற்பனை பண்ணி எழுதறான்.

'கன்னர்ஸ் ட்ரீம்'ல கவனிக்க வேண்டிய இடம் ஒண்ணு. செத்துட்டிருக்கறவனோட கனவைப் பத்தி பாடிட்டே வந்து ஒரு வார்த்தையை வாட்டர்ஸ் இழுப்பாரு, இழுத்துட்டே போவாரு, தொண்டை கிழியற மாதிரி, எங்க அந்தக் குரல் முடியுது, எங்க ராஃபேல் ரேவன்ஸ்க்ராஃப்டோட சாக்ஸஃபோன் ஆரம்பிக்குதுன்னு உங்களால சொல்ல முடியாது. நான் பத்து தடவை ரீவைண்ட் பண்ணியும் கோடு போட முடியல. "வாட்டர்ஸுக்குப் பாட வராது"ன்னு யாராவது சொன்னா, வராதுதான், ஆனா அந்த இடத்துல பாட்டு தெரிஞ்ச குரல் இருந்திருந்தா இது நடந்திருக்காது.

அடுத்தது, செய்தித்தாள் வேலை. இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை 1982 பிரிட்டன் தெரியாம அர்த்தம் பேசக்கூடாது. ஏப்ரல் 2ல அர்ஜென்டினா பிரிட்டன் வசம் இருந்த ஃபாக்லாண்ட் தீவுகள்ல இறங்குது, பிரிட்டன் பிரதமர் தாட்சர் கப்பல் படையை அனுப்பறாங்க, ஜூன் 14ல முடியுது. பிரிட்டன் தரப்புல 255 வீரர்கள், அர்ஜென்டினா தரப்புல 649 பேர் செத்தாங்க. வாட்டர்ஸ் முதல்ல யோசிச்சது என்னவோ 'தி வால்' படத்துக்கான பாட்டுத் தொகுப்பு, 'ஸ்பேர் ப்ரிக்ஸ்'னு பேர் கூட வச்சிருந்தாங்க, போர் வந்ததும் எல்லாம் திரும்பிடுச்சு. அப்பா தலைமுறை செத்தது இதுக்காகவாங்கற கேள்வியா ஆயிடுச்சு.

தெரியாம கேட்டா கவிதை மாதிரி இருக்கற பல வரி உண்மைல நியூஸ். ஆரம்பத்துல கார் ரேடியோல ஸ்டேஷன் மாத்தற சத்தம் வருதே, அதுல ஒரு துண்டு, போர்ல மூழ்கின 'அட்லாண்டிக் கன்வேயர்' கப்பலுக்குப் பதில் கப்பலை ஜப்பான்ல கட்டப் போறாங்கன்னு. அதைக் கேட்டாதான் முதல் பாட்டுல ஸ்காட்லாந்தோட கிளைடு நதிக்கரை கப்பல் தொழிலாளிங்க எதுக்கு வர்றாங்கன்னு புரியும். 'கன்னர்ஸ் ட்ரீம்'ல பேண்ட் வாசிக்கறவங்களை ரிமோட் வச்சுக் கொல்லாத ஒரு உலகம்னு வருது, நான் ரொம்ப நாள் அது ஏதோ உருவகம்னு நினைச்சுட்டிருந்தேன். இல்ல. 1982 ஜூலை 20ல லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க்ல ராணுவ பேண்ட் வாசிச்சிட்டிருந்தப்போ மேடைக்குக் கீழ ஐஆர்ஏ (வட அயர்லாந்துல பிரிட்டன் ஆட்சிய எதிர்த்த ஆயுதக் குழு) வச்ச குண்டு வெடிச்சு ஏழு வாத்தியக்காரங்க செத்தாங்க. அதே நாள் ஹைட் பார்க்லயும் ஒண்ணு. இது தெரிஞ்சதுக்கு அப்புறம் அந்த வரி வேற மாதிரி கேக்கும்.

அதுக்காக வாட்டர்ஸ் சொன்னதெல்லாம் வேதவாக்குன்னு எடுத்துக்காதீங்க. நான் சொன்னேனே, ஏவுகணை வெடிச்சதும் வயலின் வர்ற பாட்டு, அதுல தாட்சர் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்துல ஒரு போர்க்கப்பலை அதுல இருந்த அத்தனை பேரோடயும் மூழ்கடிச்சாங்கன்னு வருது. அது மே 2ல மூழ்கின அர்ஜென்டினா கப்பல் 'ஜெனரல் பெல்கிரானோ'. ஆனா அத்தனை பேரும் சாகல, 323 பேர் செத்தாங்க, எழுநூறு பேருக்கு மேல காப்பாத்தப்பட்டாங்க. 323ங்கறது கம்மியான்னு கேக்காதீங்க, அர்ஜென்டினாவோட மொத்த இழப்புல கிட்டத்தட்ட பாதி அதுதான். நான் சொல்றது, பாட்டு உண்மையைக் கொஞ்சம் ஊதுது. எனக்கு இந்த ஆல்பம் உசுரு, ஆனா இதை எதிராளி சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடுவேன், அப்பதான் அடுத்து நான் சொல்றதை அவன் கேப்பான்.

இப்ப அந்த பெரிய சண்டை, யாரோட ஆல்பம். இங்க ஆதாரம் எல்லாம் ஒரு பக்கமா சாயுதுங்கறதை ஒத்துக்கிட்டே ஆரம்பிங்க. ஆல்பத்துலயே போட்டிருக்கு, ரோஜர் வாட்டர்ஸ் எழுதினது, பிங்க் ஃப்ளாய்ட் வாசிச்சதுன்னு. கீபோர்டு வாசிக்கற ரிச்சர்ட் ரைட் கிடையாது, அவரை ஏற்கனவே அனுப்பியாச்சு. பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் மைக்கேல் கேமன். கில்மோர் லீடு பாடறது 'நாட் நவ் ஜான்' ஒண்ணுல, அவர் தயாரிப்பாளர் பட்டியல்லருந்து தன் பேரை எடுத்துக்கிட்டார். கடைசிப் பாட்டுல டிரம்ஸ் பேண்டோட டிரம்மர் நிக் மேசன் கூட இல்ல, ஆண்டி நியூமார்க். சில பாட்டுங்க 'தி வால்'ல மிஞ்சினது, அன்னிக்கு வேண்டாம்னு வச்சது இன்னிக்கு மட்டும் எப்படி நல்லா ஆச்சுன்னு கில்மோர் சண்டை போட்டிருக்கார், நியாயமான கேள்வி. டூர் கூட போகல. 1985ல வாட்டர்ஸ் விலகிட்டார்.

இவ்ளோ இருந்தும் நான் இதை சோலோன்னு சொல்ல மாட்டேன், அதுக்கு ரெண்டு காரணம் வச்சிருக்கேன், நீங்களும் கடன் வாங்கிக்கலாம். ஒண்ணு, 'தி ஃப்ளெட்சர் மெமோரியல் ஹோம்'. உலகத் தலைவர்களை எல்லாம், ரீகன், பிரெஷ்நேவ், பெகின், தாட்சர் எல்லாரையும் ஒரு முதியோர் இல்லத்துல அடைச்சு வைக்கற பாட்டு, வார்த்தை பூரா விஷம். அதுக்கு நடுவுல கில்மோரோட கிட்டார் சோலோ வரும். அந்த சோலோவுக்கு கோபம் கிடையாது, துக்கம் மட்டும்தான் இருக்கு. வாட்டர்ஸால அந்தப் பாட்டுக்குள்ள கொண்டு வர முடியாததை அவர்கூட சண்டைல இருந்த மனுஷன் ஆறு கம்பில கொண்டு வந்தாரு. ரெண்டாவது, எதிராளி நாக்கைக் கட்டற கேள்வி: அப்போ 1987ல வந்த 'எ மொமெண்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்' யாரோட ஆல்பம்? அதுல வாட்டர்ஸ் இல்ல, ரைட் சம்பளத்துக்கு வந்தவர், வெளி ஆளுங்க நிறைய. அதை ஃப்ளாய்ட்னு ஒத்துக்கறவன் இதை மட்டும் தள்ளினா அவனுக்கு ஆல்பம் பிரச்சனை இல்ல, வாட்டர்ஸ் பிரச்சனை.

சார்ட் நம்பரை மட்டும் தூக்கிட்டு வராதீங்க, ரெண்டு பக்கமும். 'ஃபைனல் கட்' பிரிட்டன்ல நம்பர் ஒன், 'டார்க் சைட்' அங்க ரெண்டாவது இடம் வரைக்கும்தான் போச்சு, 'தி வால்' மூணு. இதை வச்சு என்ன நிரூபிப்பீங்க? அமெரிக்கால ஆறு. 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார் குடுத்துச்சு, அதையும் நான் இப்பல்லாம் சொல்றதில்ல, சொன்னா "அவனுங்களே அப்படித்தான்"னு வேற சண்டை தொடங்கிடும்.

பேரோட அர்த்தம் பத்தி விவாதம் வந்தா ஒண்ணுல நிக்காதீங்க. ஷேக்ஸ்பியரோட 'ஜூலியஸ் சீசர்'ல கூட இருந்தவனே குத்தற குத்து இருக்கே, அது ஒண்ணு. சினிமால கடைசி எடிட்டிங் யார் கையில இருக்குங்கற உரிமைக்கும் இதே பேர், 'தி வால்' படத்துல வாட்டர்ஸும் டைரக்டர் ஆலன் பார்க்கரும் முட்டிக்கிட்டது தெரிஞ்ச கதை, பின்னட்டைல பாருங்க, யூனிஃபார்ம் போட்ட ஆள் கையில ஃபிலிம் டப்பா, முதுகுல கத்தி. மூணாவது, அந்தப் பேர்ல இருக்கற பாட்டுலயே கத்தியைக் கையில எடுத்துட்டு துணிச்சல் வராம நிக்கற ஒருத்தன். இதுல எது சரின்னு கேட்டா, பாட்டைக் கேக்கும்போது மூணாவது, அட்டையைப் பாக்கும்போது முதல் ரெண்டும். எல்லாத்துலயும் வெட்டுப்படறவன் ரோஜர் வாட்டர்ஸாவே இருக்கான்ங்கறது வேற விஷயம், கொஞ்சம் சுயபச்சாதாபம் ஜாஸ்திதான் மனுஷனுக்கு.

நல்லாருக்காங்கற சண்டைக்கு என் கணக்கு இது, ஒத்துக்கணும்னு இல்ல. முதல் பக்கம் ஒரே மூச்சு, எதையும் எடுக்க முடியாது. ரெண்டாவது பக்கம் 'சவுத்தாம்ப்டன் டாக்' வரைக்கும் பிரமாதம், துறைமுகத்துல ஒரு பொம்பளை நின்னு 1945ல திரும்பி வந்தவங்களைப் பாத்தவ, மறுபடி அதே இடத்துல பசங்களை வழியனுப்பறா, ரெண்டே நிமிஷப் பாட்டு. 'நாட் நவ் ஜான்' எனக்கு செட் ஆகல, அத்தனை அமைதிக்கு அப்புறம் ஒரு குடிகாரன் கதவைத் தட்டற மாதிரி. அதுக்காகத்தான் வச்சாங்கன்னு என் ஃப்ரெண்டு சொல்வான், இருக்கலாம். ஜப்பான்காரங்களைக் குறிக்க முதல் பாட்டுல ஒரு இனவெறி வார்த்தை வருது, அது பேசற பாத்திரத்தோட வாய்னு முட்டுக் குடுப்பாங்க, ஆனா முதல் பாட்டு, பாத்திரமே இன்னும் அறிமுகம் ஆகல, அங்க எனக்கு அந்த முட்டு நிக்கல.

கடைசிப் பாட்டு மட்டும் யாரையும் விமர்சிக்க விட மாட்டேன். சாயங்காலம் ஒருத்தன் கார் ஓட்டிட்டுப் போறான், பின்னாடி சூரியன் மறையறது கண்ணாடில தெரியுது, முன்னாடி பாத்தா, கிழக்குல, இன்னொரு சூரியன். அணுகுண்டு. அது முடியறப்போ குரல்ல கத்தல் இல்ல, வீட்டுக்குப் போற ட்யூன் அது.

புது ஆளுக்குப் போட்டுக் காட்டணும்னா முதல் பாட்டுலருந்து ஆரம்பிக்காதீங்க, ஓடிடுவான். 'சவுத்தாம்ப்டன் டாக்' போடுங்க, அது அப்படியே 'ஃபைனல் கட்' பாட்டுக்குள்ள போகும், அங்க கில்மோர் கிட்டார் வரும், அது முடிஞ்சதும் நிறுத்திடுங்க. எதுவும் விளக்காதீங்க. "இது யாரு, ஃப்ளாய்டா?"ன்னு அவனா கேட்டா, அப்ப அட்டையைக் கையில குடுங்க.